57 கிலோ

அன்புள்ள முருகேசா,

கடிதம் கிடைத்தது. அக்கா மகள் பாக்சிங் வகுப்பில் சேர்ந்தது சந்தோஷம். "ஐந்தடி இரண்டங்குலம்தான் இருக்கிறாள், இவளுக்கு இதெல்லாம் சரிப்படுமா?" என்று கேட்டிருக்கிறாய். கூடவே, ஒலிம்பிக் குத்துச்சண்டையில் வெள்ளி வாங்கிய பிலிப்பைன்ஸ்காரி யார் என்றும். இரண்டுக்கும் ஒரே பதில், நெஸ்தி பெட்டேசியோ. அவரும் ஏறக்குறைய அதே உயரம்.

1992-ல் பிறந்தவர். மிண்டனாவோ தீவில் தாவாவோ தெல் சூர் மாகாணத்தில் சாண்டா குரூஸ் என்ற ஊர். விவசாயக் குடும்பம். கையில் துணிப் பட்டை சுற்றிக்கொள்வது எப்படி, காலை எங்கே வைப்பது என்று முதலில் சொல்லிக்கொடுத்தவர் அப்பாதான். உள்ளூர்ச் சண்டைகளில் பரிசுப் பணத்துக்காக இறங்கி, ஆண் பிள்ளைகளோடும் மோதியிருக்கிறார். 2007-ல் தேசிய அணிக்கு வந்தார். பத்திரிகைகள் எல்லாம் இந்த வறுமைக் கதையோடு நின்றுவிடுகின்றன. என்னைக் கேட்டால் அவர் வாழ்க்கையை அதிகம் ஆட்டிவைத்தது எடைத் தராசு.

பெண்கள் குத்துச்சண்டை ஒலிம்பிக்கில் நுழைந்ததே 2012 லண்டனில்தான். அப்போதும் அடுத்து ரியோவிலும் மூன்றே பிரிவுகள்: 51, 60, 75 கிலோ. நெஸ்தியின் எடை 57. உலகப் போட்டியில் அந்தப் பிரிவு உண்டு. 2014-ல் தென்கொரியாவின் ஜெஜுவில் வெள்ளி வாங்கினார். ஒலிம்பிக் போக வேண்டுமென்றால் ஆறு கிலோ இறங்க வேண்டும், அதாவது உடம்பில் பத்தில் ஒரு பங்குக்கு மேல். இல்லையென்றால் மூன்று கிலோ ஏறி, 63, 64-லிருந்து இறங்கி வந்து நிற்கும் ஆட்களோடு மோத வேண்டும். ரியோவுக்கு அவர் தகுதி பெறவில்லை.

இதே தராசில் அவரைவிட மோசமாக அடிபட்டவர் ஜோசி கபுக்கோ. 2012-ல் 48 கிலோவில் உலக சாம்பியன். ஒலிம்பிக்கில் அந்தப் பிரிவு இல்லாததால் கடைசிவரை ஒலிம்பிக் மேடையே ஏறவில்லை. நம் மேரி கோம் கதை உனக்குத் தெரியும். 45, 46, 48 என்று ஐந்து உலகப் பட்டங்கள் வாங்கிய பிறகு, லண்டனுக்காக 51-க்கு ஏறி வெண்கலம் வாங்கினார். எல்லாராலும் அப்படி ஏற முடியாது. எடை கூடுவது இருக்கட்டும், எதிராளியின் கை நீளமும் கூடிவிடுகிறதே!

டோக்கியோவுக்கு ஐந்து பிரிவாக்கினார்கள். 57 உள்ளே வந்தது. 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் சீனாவின் யின் ஜுன்ஹுவாவிடம் சர்ச்சையான தீர்ப்பில் தோற்று, மனம் உடைந்து, விளையாட்டையே விட்டுவிடலாமா என்று இருந்தவருக்கு அது சரியான நேரத்தில் வந்தது. 2019 அக்டோபரில் ரஷ்யாவின் உலான் உதேயில் உலகப் போட்டி. இறுதியில் உள்ளூர்க்காரி லுத்மிலா வொரோன்சோவாவை 3-2 என்று, அதாவது ஐந்து நடுவரில் மூன்று பேர் இவர் பக்கம் நிற்க, வென்று தங்கம். ரஷ்ய மண்ணில் ரஷ்யக்காரியை இழுபறித் தீர்ப்பில் வெல்வது லேசு இல்லை.

அவ்வளவு செய்தும், 2020 மார்ச்சில் ஜோர்டானின் அம்மானில் நடந்த தகுதிப் போட்டியில் ஜப்பானின் சேனா இரியேயிடம் தோற்றார். கொரோனாவால் கடைசி உலகத் தகுதிச் சுற்று ரத்தாக, தரவரிசைப் புள்ளியில்தான் டோக்கியோவுக்கு இடம் கிடைத்தது.

இனி நீ கேட்ட உயர விஷயம். டோக்கியோவில் இரண்டாவது ஆட்டம் தைவானின் லின் யூ-திங்கோடு. லின் ஐந்தடி ஒன்பது. அவருடைய ஜாப், அதாவது முன்கையால் விடும் நேர்க் குத்து, முகத்தில் இறங்கும் தூரத்திலிருந்து நெஸ்தியின் கை அவர் நெஞ்சைக்கூடத் தொடாது. குள்ளமானவர்கள் இங்கே வழக்கமாக மூன்று தப்பு செய்வார்கள். முகவாயைத் தூக்கிக்கொண்டு நேராக ஓடுவார்கள். ஜாபுக்குப் பின்னால் வரும் வலதுகைக் குத்தில் மாட்டுவார்கள். உள்ளே போனதும் தலையையே குறிவைப்பார்கள். குத்தி முடித்து அங்கேயே நிற்பார்கள். எதிராளி கட்டிப்பிடிக்க, ரெஃப்ரி பிரித்துவிட, மறுபடி தூரத்திலிருந்து தொடங்க வேண்டும்.

செய்ய வேண்டியது வேறு. முதலில் அசைய வேண்டியது கால். முன்காலை அரை அடி நகர்த்தும்போதே தலை ஜாபின் கோட்டைவிட்டு வெளியே சாய வேண்டும். முதல் குத்து விலாவுக்கு. அங்கே ஒன்று விழுந்தால் எதிராளியின் முழங்கை தானாக இறங்கும். அப்போது ஹூக், பக்கவாட்டில் வளைத்து விடும் குத்து, மேலே போகும். வெளியேறும்போது பக்கவாட்டில். நேராகப் பின்வாங்கினால் நீண்ட கையின் நுனியில், அது மிக நன்றாக வேலை செய்யும் இடத்தில், போய் நிற்போம். லின்னை 3-2 என்று வென்றார் நெஸ்தி.

அரையிறுதியில் இத்தாலியின் இர்மா டெஸ்டா. இவரும் நெட்டை. முதல் ரவுண்டில் டெஸ்டா தூரத்தில் நின்று ஜாபிலேயே புள்ளி வாங்கிவிட்டார். டோக்கியோவில் ரவுண்டுக்கு ரவுண்டு புள்ளி தெரிந்துவிடும். ஒவ்வொரு நடுவரும் ரவுண்டை வென்றவருக்கு 10, மற்றவருக்குப் பெரும்பாலும் 9 தருவார். மூன்றே ரவுண்டு, தலா மூன்று நிமிடம். முதலாவது போனால் மிச்ச இரண்டும் வேண்டும். ஓய்வு ஒரு நிமிடம்தான். மூலையில் உட்கார்ந்து அதற்குள் திட்டத்தை மாற்றியாக வேண்டும். அடுத்த இரண்டு ரவுண்டும் நெஸ்தி இடைவெளியே விடாமல் நெருக்கி 4-1 என்று வென்றார். உன் பிள்ளைக்கு ஒரே ஒரு ஆட்டம்தான் காட்ட முடியும் என்றால் இதைக் காட்டு.

இறுதி ஆட்டம் ஆகஸ்ட் 3, 2021, சுமோ நடக்கும் கொக்குகிகான் அரங்கில். மறுபடியும் இரியே. 0-5. இரியே நின்று அடி வாங்கிக் கொடுக்கும் ஆள் இல்லை. தொட்டுவிட்டு, நெஸ்தி உள்ளே வந்ததும் அணைத்துக்கொள்வார். அழகான ஆட்டம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் உள்ளே புகுந்து ஆடுபவருக்கு அதைவிடப் பொருத்தமான மருந்து இல்லை. வேடிக்கை என்னவென்றால், 1964-ல் இதே டோக்கியோவில் இதே 57 கிலோவில் அந்தோனி வில்லனுவேவா வாங்கியதும் வெள்ளிதான். பிலிப்பைன்சின் முதல் ஒலிம்பிக் வெள்ளி அது. நெஸ்தியுடையது அந்த நாட்டுப் பெண் ஒருவர் வாங்கிய முதல் ஒலிம்பிக் குத்துச்சண்டைப் பதக்கம். தான் எல்ஜிபிடி சமூகத்தவர் என்று நெஸ்தி பெருமையாகச் சொன்னதும் அப்போதுதான்.

இன்னொன்று. ஜூலை 24-லிருந்து 11 நாளில் ஐந்து ஆட்டம். ஆட்டம் உள்ள ஒவ்வொரு காலையும் எடை பார்ப்பார்கள். தொழில்முறையில் முந்தின நாள் எடை காட்டிவிட்டு மறுநாளுக்குள் தண்ணீர் குடித்து நாலு கிலோ ஏற்றிக்கொள்ளலாம். இங்கே அது நடக்காது. வியர்த்து வடித்து இறங்கியவருக்கு மூன்றாம் ரவுண்டில் கால் முதலில் ஓயும். காலை நம்பி ஆடும் குள்ளமானவருக்கு அதோடு ஆட்டம் முடிந்தது.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலும் நெஸ்திக்கு 57-தான். முதல் ஆட்டத்தில் நம் ஜாஸ்மின் லம்போரியாவை 5-0 என்று வென்றார். பிறகு உள்ளூர் அமினா சிதானி, சீனாவின் ஷூ சிச்சுன். அரையிறுதியில் போலந்தின் ஜூலியா செரெமெட்டாவிடம் 1-4, வெண்கலம். மறுவருடம் லிவர்பூலில் அதே செரெமெட்டாவை இறுதியில் வென்று அதே ஜாஸ்மின் உலக சாம்பியன் ஆனதை நீயும் பேப்பரில் பார்த்திருப்பாய்.

பிள்ளைக்கு இப்போதைக்கு ஒரு பயிற்சி போதும். இரண்டு தூணுக்கு நடுவே அவள் தோள் உயரத்தில் கயிறு கட்டு. அதன் அடியில் இடமும் வலமுமாகப் புகுந்து முன்னேறட்டும். மூன்று நிமிடம், ஒரு நிமிட ஓய்வு, மூன்று தடவை. மடங்க வேண்டியது முழங்கால். இடுப்பை வளைக்கக் கூடாது. கண் தரைக்குப் போனால் கீழிருந்து மேலே வரும் அப்பர்கட் குத்தை வாங்குவாள். வளரும் வயதில் பட்டினி போட்டு எடை குறைக்க யார் சொன்னாலும் கேட்காதே. அவள் எடைக்கு ஏற்ற பிரிவில் இறக்கு.

அடுத்த கடிதத்தில் அவள் எடையை எழுது. காலையில், எதுவும் சாப்பிடுவதற்கு முன், ஒரு வாரம் தொடர்ந்து பார்த்த எடை. ஒரு நாள் கணக்கை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அக்காவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ராஜு