மறதி இருக்கிறது, நோக்கம் எங்கே?

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் திரைக்கதையின் இரண்டாவது டிராஃப்டைப் படித்தேன். இடைவேளை பிளாக் உறுதியாக நிற்கிறது. இடறுவது நாயகனின் மறதிதான். தலையில் அடிபட்டதும் சொந்தப் பெயர்கூட மறக்கிறது. பழிவெறி மட்டும் அப்படியே இருக்கிறது. க்ளைமாக்ஸில் இன்னொரு அடி, எல்லாம் திரும்பிவிடுகிறது. இதில் நாயகன் எதையும் முடிவு செய்யவில்லை. அடித்தவன்தான் கதையை நகர்த்துகிறான்.

பழையது அழிகிறதா, புதியது பதியவில்லையா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். குற்றக் கதைக்கு இரண்டாவதில்தான் தீனி அதிகம். 1953இல் வலிப்புக்காக மூளையின் இரு பக்கமும், புது நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் பகுதியை அகற்றிய பின் ஹென்றி மொலைசனுக்குப் புதிய நிகழ்ச்சி எதுவும் தங்கவில்லை. ஆனால் கண்ணாடியைப் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சியில் நாளுக்கு நாள் கை தேறியது. பயிற்சி செய்ததே அவருக்கு நினைவில்லை. அதற்கும் முன்பு, ஸ்விட்சர்லாந்து மருத்துவர் கிளாபரேட் உள்ளங்கையில் ஊசியை மறைத்துக்கொண்டு இப்படிப்பட்ட ஒரு நோயாளியின் கையைக் குலுக்கினார். பிறகு அவர் கை நீட்டியபோது அந்தப் பெண் தன் கையை இழுத்துக்கொண்டார். காரணம் கேட்டால் ஏதோ சொல்லிச் சமாளித்தார். உங்கள் நாயகனுக்கு வேண்டியது இதுதான்: வில்லனின் குரல் கேட்டதும் உடம்பு பின்வாங்க வேண்டும், ஏன் என்று அவனுக்கே தெரியக்கூடாது. உங்கள் டிராஃப்டில் அந்த இடத்தில் மூன்று பக்க வசனம் இருக்கிறது. எடுத்துவிடுங்கள்.

'மெமென்டோ' (2000) பார்க்காதவர் என்றால் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். அதில் நாயகனின் மறதி காயத்தால் வந்தது. பொய் அவனே தேர்ந்தெடுத்தது. தேட ஒருவன் வேண்டும் என்பதற்காக, நாளைய தன்னை ஏமாற்றத் தெரிந்தே ஒரு வண்டி எண்ணைக் குறித்துக்கொள்கிறான். 'கஜினி' (2005) வேறு வழியில் போகிறது. நாயகனுக்கு 15 நிமிடம்தான் தங்கும். காதல் பகுதியை டைரி வழியாக நமக்குக் காட்டிவிடுவதால், அவனுக்காக நாம் நினைவு வைத்துக்கொள்கிறோம். நீங்கள் இரண்டையும் கலந்திருக்கிறீர்கள், அதனால் இரண்டுமே வேலை செய்யவில்லை.

ஒன்லைன் ஆர்டரில், அதாவது சீன்களின் வரிசைப் பட்டியலில், ஒவ்வொரு சீனுக்கும் எதிரே மூன்று கட்டம் போடுங்கள்: அவனுக்கு என்ன தெரியும், அதை யார் சொன்னார்கள், பார்ப்பவருக்கு என்ன தெரியும். நடுக்கட்டம் காலியாக இருந்தால் அந்த சீன் ஓட்டை. உங்கள் நாயகனுக்கு எதுவும் நினைவில் தங்கும் கெடு 10 நிமிடம். பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்று வைத்தாலும், நடுவே வெட்டே இல்லாத 12 பக்க விசாரணை சீனின் கடைசியில் எதிரே இருப்பவர் யார் என்றே அவன் கேட்க வேண்டும். கேட்கவில்லை.

சாட்சி சீனிலும் ஒரு திருத்தம். இன்ஸ்பெக்டர் எடுத்த எடுப்பிலேயே “கறுப்புச் சட்டைக்காரன் எந்தப் பக்கம் ஓடினான்?” என்கிறார். கேள்வியே சாட்சியின் நினைவில் சட்டையைப் போர்த்திவிடும். உளவியலாளர்கள் லாஃப்டஸும் பால்மரும் 1974இல் கார் விபத்துப் படம் காட்டிச் செய்த சோதனையில், ‘நொறுங்க மோதியபோது’ கார்கள் என்ன வேகத்தில் போயின என்று கேட்கப்பட்ட 50 பேரில் 16 பேர், ஒரு வாரம் கழித்து, படத்தில் இல்லாத உடைந்த கண்ணாடியைப் பார்த்ததாகச் சொன்னார்கள். வெறுமனே ‘மோதியபோது’ என்று கேட்கப்பட்ட 50 பேரில் 7 பேர்தான். இன்ஸ்பெக்டர் தெரியாமல் கேட்டாரா, வேண்டுமென்றே கேட்டாரா? வேண்டுமென்றே என்றால் உங்களுக்கு இன்னொரு வில்லன் கிடைத்துவிட்டார். அந்த சீனை முதலில் எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்