இரவில் குழாயை ஒழுக விடுவது ஏன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

கடுங்குளிரில் தண்ணீர்க் குழாய்கள் வெடிப்பது பற்றிப் பேசும்போது முக்கியமான ஒன்று விட்டுப்போகிறது. தண்ணீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் விரியும். ஆனாலும் பனிக்கட்டி அடைத்த இடத்திலேயே குழாய் பிளப்பது குறைவு. கட்டிக்கும் மூடிய டேப்புக்கும் நடுவே சிக்கிய தண்ணீரில் அழுத்தம் ஏறி, அங்கேதான் வெடிக்கிறது. டேப்பை நூல்போல ஒழுக விட்டால் அந்த அழுத்தம் சேராது. வெந்நீர் டேப்பையும் சேர்த்தே திறந்து விடுங்கள். பலர் அதை மறந்துவிடுகிறார்கள்.

வெளிச்சுவரை ஒட்டிய சிங்க்கின் அடியலமாரிக் கதவைத் திறந்து வைத்தால் அறையின் சூடு குழாயை எட்டும். வெளியூர் போனாலும் ஹீட்டரை அணைக்காதீர்கள். 13 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறக்கவும் வேண்டாம். தோட்டத்து ஹோஸைக் கழற்றிவிடுங்கள்.

உறைந்தே போனால், டேப்பைத் திறந்து வைத்து, அதன் பக்கத்திலிருந்து தொடங்கி அடைப்பை நோக்கி ஹேர் டிரையரால் மெல்லச் சூடு காட்டுங்கள். அப்போதுதான் உருகிய தண்ணீர் வெளியேற வழி இருக்கும். நெருப்பை மட்டும் காட்டவே கூடாது. வெடிப்பு தெரிவதே உருகிய பிறகுதான் என்பதால், வீட்டுக்கு வரும் தண்ணீரை நிறுத்தும் மெயின் வால்வு இருக்கும் இடம் வீட்டில் எல்லோருக்கும் தெரிய வேண்டும். அது இறுகிப்போயிருக்கிறதா என்று இன்றே திருகிப் பாருங்கள்.

இப்படிக்கு,
பிளம்பிங் தொழிலாளர்கள் சிலர்