பெயர் தெரியாத லாரி ஓட்டுநருக்கும் மற்றவர்களுக்கும் ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

சென்ற கார்த்திகை மாதத்தில் ஒரு நாள் மாலை ஆறு மணியளவில், கொட்டாம்பட்டியில் பள்ளி வேலையை முடித்துக்கொண்டு மேலூருக்கு என் ஸ்கூட்டரில் திரும்பிக்கொண்டிருந்தேன். திருச்சி–மதுரை நான்குவழிச் சாலையில் என் பின்னால் வந்த கார் ஒன்று, வலப்பக்கத் தடத்திலிருந்து மெல்ல மெல்ல இடப்பக்கம் ஒதுங்கி வந்து என் வண்டியைத் தட்டிவிட்டது. இடது காறை எலும்பும், இடது முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்புகளும் முறிந்தன. நான்கு மாதங்களுக்குப் பிறகு, கைத்தடியின் துணையோடு, போன வாரம்தான் வகுப்பறைக்குள் நுழைந்தேன். என்னைக் காப்பாற்றியவர்களில் பாதிப் பேரின் பெயர் எனக்குத் தெரியாது. சிலருடைய முகத்தைக்கூட நான் சரியாகப் பார்க்கவில்லை. வீடு தேடிச் சென்று நன்றி சொல்ல வழி இல்லாததால் இந்த மடலைப் பொதுவில் எழுதுகிறேன்.

முதல் நன்றி, நாமக்கல்லைச் சேர்ந்தவர் என்று மட்டும் நான் அறிந்த அந்த லாரி ஓட்டுநருக்கு. நான் சாலையின் இடத் தடத்தில் விழுந்து கிடந்தேன். இருட்டத் தொடங்கியிருந்த நேரம். பின்னால் வருகிறவர்களுக்கு ஒரு மனித உடல் கிடப்பது கண்ணில் படுவதற்குள் எல்லாம் முடிந்திருக்கக்கூடும். அவர் தம் லாரியை எனக்குப் பின்னால் குறுக்காக நிறுத்தி, இருபக்க விளக்குகளையும் சிமிட்டவிட்டு, என்னை நோக்கி வேறு எந்த வண்டியும் வர முடியாதபடி ஒரு சுவரே எழுப்பிவிட்டார். தம் தோளில் கிடந்த சிவப்புத் துண்டை மடித்து, கல்லும் சரளையும் குத்தாதபடி என் தோளுக்கடியில் வைத்தவரும் அவர்தான். ஆம்புலன்ஸ் வந்து என்னை ஏற்றிக்கொண்ட பிறகே அவர் லாரியை எடுத்தார் என்று பிறகு சொன்னார்கள்.

அவர் என்னை எப்படிக் கண்டார் என்பதை இங்கே சொல்ல வேண்டும். 2017 ஏப்ரல் முதல் நம் நாட்டில் தயாராகும் இருசக்கர வண்டிகளில், எஞ்சின் ஓடும் வரை முன்விளக்கும் எரிந்துகொண்டே இருக்கும். அணைக்கப் பொத்தானே கிடையாது. என் வண்டி 2018இல் வாங்கியது. பட்டப்பகலில் எதிரே வருகிற நல்ல மனிதர்களெல்லாம் விரல்களைக் குவித்து விரித்து, "லைட் எரியுது" என்று சைகை காட்டுவார்கள். முதல் சில மாதங்கள் நானும் தலையசைத்துத் தலையசைத்துச் சலித்துப்போனேன். அன்று மாலை வண்டி சுழன்று, வந்த திசையைப் பார்த்தபடி சரிந்து கிடந்தது. எஞ்சின் நிற்கவில்லை, விளக்கும் அணையவில்லை. தரையோடு தரையாக எரிந்த அந்த விளக்கைப் பார்த்துத்தான் பிரேக்கை மிதித்ததாக ஓட்டுநர் அங்கிருந்தவர்களிடம் சொல்லியிருக்கிறார்.

அடுத்தது சாலையோரம் இளநீர் விற்கும் அண்ணன். கூட்டம் கூடிவிட்டது. நல்லெண்ணத்தில்தான், ஒருவர் சோடா வாங்க ஓடினார். இன்னொருவர் "மூச்சு முட்டும், ஹெல்மெட்டைக் கழட்டுங்கப்பா" என்று குனிந்தார். இளநீர் அண்ணன் கையில் அரிவாளோடு அப்படியே ஓடிவந்து, "யாரும் தலையைத் தொடாதீங்க, தண்ணியும் கொடுக்காதீங்க, தங்கச்சி பேசுது, மூச்சு வருது, அது போதும்" என்று அதட்டினார். அந்த அதட்டலுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். கழுத்தெலும்பில் அடி இருக்கிறதா இல்லையா என்று தெரியாத நிலையில் தலைக்கவசத்தைப் பிடித்து இழுத்தால், தண்டுவடத்துக்கே கேடு வரலாம் என்பதும், அறுவை சிகிச்சை தேவைப்படக்கூடியவருக்கு வாய்வழி எதுவும் கொடுக்கக் கூடாது என்பதும் எனக்கு மருத்துவமனையில் படுத்திருந்தபோதுதான் விளங்கின. எங்கே கற்றீர்கள் என்று பின்னர் கேட்டதற்கு, "இந்த ரோட்டுல பத்து வருசமா கடை போட்டிருக்கேன் டீச்சர், எத்தனை பார்த்திருக்கேன்" என்று மட்டும் சொன்னார்.

முன்னும் பின்னும் வேப்பங்கிளைகளை ஒடித்துப் போட்டு, கைப்பேசி வெளிச்சத்தை ஆட்டி, வண்டிகளை வலத் தடத்துக்குத் திருப்பிவிட்ட கல்லூரி மாணவர் இருவருக்கும் என் நன்றி. அங்கே கைப்பேசியை எடுத்தவர்கள் எல்லாரும் இவர்களைப் போல இல்லை. காரின் வேகத்தைக் குறைத்து, சன்னலை இறக்கி, படம் பிடித்தபடியே கடந்துபோனவர்களும் இருந்தார்கள். விபத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டுகிறவர் அடுத்த விபத்துக்கு அருகில் இருக்கிறார் என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை போலும்.

108 ஆம்புலன்சில் வந்த மருத்துவ உதவியாளர், ஒரு பெண், என் தோளருகில் மண்டியிட்டு, இரு கைகளாலும் கழுத்தையும் தாடையையும் அசையாமல் பிடித்துக்கொண்டார். ஆம்புலன்ஸ் ஓட்டுநர் தலைமாட்டில் இருந்து வாரைத் தளர்த்தி, தலைக்கவசத்தின் இருபக்கங்களையும் சற்றே விரித்து மெல்ல உருவினார். இரண்டு பேர் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை அது. கழுத்துப் பட்டையும் காலுக்குச் சிம்பும் வைத்துக் கட்டிய பிறகே என்னைத் தூக்கினார்கள். மதுரை வரும் வரை அந்தப் பெண் என்னிடம் ஏழாம் வாய்ப்பாட்டைச் சொல்லச் சொன்னார். கணக்கு டீச்சர் என்று சொன்னதால் வந்த வினை. நினைவு தப்பவில்லை என்று உறுதி செய்துகொள்வதற்காக என்று இப்போது புரிகிறது. அப்போது ஏழெட்டு ஐம்பத்தாறில் தடுமாறியது வெட்கமாக இருந்தது.

அரசு மருத்துவமனையின் விபத்துப் பிரிவில் என்னை எடுத்துக்கொண்டவர்கள் முதலில் பணத்தையோ அட்டையையோ கேட்கவில்லை. 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தின்படி, தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்தில் சிக்கும் எவருக்கும், அவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும், முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. இத்திட்டம் பற்றி ஆசிரியர் கூட்டமொன்றில் கேட்டுவிட்டு மறந்திருந்தேன். எலும்பு முறிவுப் பிரிவு மருத்துவர்களுக்கும், இரவெல்லாம் கால் விரல்களைத் தொட்டுத் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்த்த செவிலியர்களுக்கும், பின்னர் என்னை மறுபடி நடக்கப் பழக்கிய இயன்முறை மருத்துவருக்கும் நன்றி.

விசாரணைக்கு வந்த உதவி ஆய்வாளர் ஒரு நல்ல காரியம் செய்தார். சாட்சி, கோர்ட்டு என்று அலையவேண்டி வருமோ என்று இளநீர் அண்ணன் அஞ்சியிருக்கிறார். அவருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவை உதவி ஆய்வாளர் பொறுமையாக விளக்கியிருக்கிறார். உதவ வந்தவர் மீது வழக்கு எதுவும் வராது, பெயர் முகவரி கூடச் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை, சாட்சியாவதும் அவர் விருப்பமே என்பதுதான் சட்டம். 2016இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த வழிகாட்டுதல்கள் 2019 திருத்தத்தில் சட்டமாகவே ஆகிவிட்டன. அதைக் கேட்ட பிறகு அண்ணன் தாமாகவே முன்வந்து சாட்சி சொன்னார்.

இனி எழுதக் கடினமான ஒரு நன்றி. என்னை இடித்த காரின் ஓட்டுநர் ஓடிவிடவில்லை. முப்பது வயதுகூட இராது. நூறடி தள்ளி நிறுத்திவிட்டுத் திரும்பி ஓடிவந்தார். 108ஐ அழைத்தவரும் அவரே. அதைவிட முக்கியமாக, காவலர்கள் கேட்டபோது, "டீச்சர் குறுக்கே வந்தாங்க" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள எல்லா வாய்ப்பும் இருந்தும், "போனில் வந்த மெசேஜைப் படிச்சுக்கிட்டிருந்தேன், இவங்க இருந்ததையே பார்க்கலை" என்று உள்ளதைச் சொன்னார். கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு ஓட்டுவதை அதே சட்டத்தின் 184ஆம் பிரிவு ஆபத்தாக ஓட்டும் குற்றத்தில் சேர்த்திருக்கிறது. முதல்முறைக்கே ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறைத் தண்டனையும் கிடைக்கலாம். அது தெரிந்தும் அவர் உண்மையைச் சொன்னார். அவர் செய்ததை நான் மன்னித்துவிட்டேனா என்று கேட்டால், மழைக்காலத்தில் கால் வலிக்கும்போது இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் அவர் சொன்ன உண்மைக்கு என் நன்றி உண்மையானது.

அவர் படித்த செய்தி என்ன என்பதையும் மருத்துவமனைக்கு வந்தபோது சொன்னார். அலுவலகத்திலிருந்து வந்தது: "எங்கே வந்துகொண்டிருக்கிறீர்கள்?" அவர் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறார் என்று நன்றாகத் தெரிந்த ஒருவர், அவர் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறார் என்பதனாலேயே அனுப்பிய கேள்வி. இந்த ஒன்று என்னை நான்கு மாதமாக விடவில்லை. ஓட்டுகிறவரின் கவனம் சிதறியது என்று சொல்லும்போது, அதைச் சிதறடித்த மறுமுனையை நாம் பேசுவதே இல்லை. மறுமுனையில் பலமுறை நானே இருந்திருக்கிறேன். என் கணவரை, மகளை, உடன் பணியாற்றும் ஆசிரியர்களை, அவர்கள் வழியில் இருப்பார்கள் என்று தெரிந்தே, "எங்க இருக்கீங்க?" என்று எத்தனை முறை அழைத்திருக்கிறேன்! அது மட்டுமா, கன்னத்துக்கும் தலைக்கவசத்துக்கும் நடுவே கைப்பேசியைச் செருகிக்கொண்டு பேசியபடி இதே சாலையில் நானும் போயிருக்கிறேன். கையில் பிடிக்கவில்லையே என்ற சமாதானம் வேறு. கை சும்மா இருந்தாலும் மனம் வேறெங்கோ இருப்பதால், கையில் பிடிக்காமல் பேசுவதும் பெரிய பாதுகாப்பில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். கைப்பேசியைப் பயன்படுத்தியபடி ஓட்டுகிறவர் விபத்தில் சிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு என்றும் அது சொல்கிறது.

ஆகவே இரண்டு வினோதமான நன்றிகளைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒன்று, சென்ற ஆண்டு என்னோடு சண்டை போட்டு, கைப்பேசியை இருக்கைக்கு அடியில் உள்ள பெட்டியில் வைத்துப் பூட்டாமல் வண்டியை எடுக்கக்கூடாது என்று சத்தியம் வாங்கிய என் மகளுக்கு. அவளும் அந்த நேரத்தில் என்னை அழைப்பதில்லை. அழைக்காமல் இருந்ததற்கு நன்றி, கண்ணு. மற்றொன்று, எங்கள் தலைமையாசிரியைக்கு. நான் படுத்திருந்தபோது பார்க்க வந்தவரிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். மறுநாளிலிருந்து காலை எட்டு முதல் ஒன்பதரை வரையும், மாலை நாலரை முதல் ஆறரை வரையும் பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் எவரும் எதுவும் அனுப்பக் கூடாது என்று அறிவித்துவிட்டார். தலை போகிற காரியம் என்று நாங்கள் நினைத்த எதுவும் அதனால் நின்றுபோகவில்லை.

மேலூர்த் தலைக்கவசக் கடைக்காரரை மறந்தால் பாவம். தெருவோரத்தில் முந்நூறு ரூபாய்க்கு விற்ற ஒன்றை வாங்கலாம் என்று நான் பேரம் பேசிப் பார்த்தபோது, தலைக்கவசத்துக்கான இந்தியத் தர எண்ணான ஐ.எஸ். 4151 என்று முத்திரையிட்ட, தாடை வரை மூடும் கவசத்தை எடுத்து வைத்து, "டீச்சர், அது போலீசுக்கு, இது தலைக்கு" என்றவர் அவர். விழுந்த அன்று அதன் தாடைப்பகுதி தார்ச்சாலையில் தேய்ந்து வெள்ளை நார் தெரிந்தது. அங்கே தேய்ந்திருக்க வேண்டியது என் முகம். 2022இல் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் நூற்றுக்கு நாற்பத்துநான்கு பேருக்கு மேல் இருசக்கர வண்டிகளில் சென்றவர்கள். தலைக்கவசம் அணியாமல் இறந்தவர்கள் மட்டும் ஐம்பதாயிரத்துக்குச் சற்று மேல். படுக்கையில் கிடந்தபடி ஒன்றிய அரசின் அறிக்கையில் இந்த எண்களைப் படித்தேன். ஒருமுறை அடிவாங்கிய கவசத்தின் உள்நுரை நசுங்கிவிடும், மறுபடி உதவாது என்பதால் புதியது வாங்கச் சென்றேன். கடைக்காரர் இலாபம் வைக்காமல் கொடுத்தார்.

என் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் நன்றி. திரும்பி வந்த அன்று கரும்பலகையில் ஒரு கணக்கு எழுதி வைத்திருந்தார்கள்: மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார், ஓட்டுநர் 4 விநாடி கைப்பேசியைப் பார்த்தால் எவ்வளவு தூரம் சென்றிருக்கும்? ஏறத்தாழ 89 மீட்டர் என்று விடையையும் போட்டு, எங்கள் பள்ளி மைதானத்தின் நீளம் அவ்வளவு இல்லை என்று பக்கத்திலேயே குறித்திருந்தார்கள். வழிமுறையை எழுதாமல் விடையை மட்டும் எழுதியதற்காக இரண்டு மதிப்பெண் குறைத்தேன், அவர்கள் கைதட்டினார்கள்.

கடைசியாக, லாரி ஓட்டுநர் ஐயாவுக்கு ஒரு செய்தி. உங்கள் சிவப்புத் துண்டு என்னோடு மருத்துவமனைக்கு வந்துவிட்டது. துவைத்து, மடித்து, அதே இடத்தில் இளநீர்க் கடையில் கொடுத்துவைத்திருக்கிறேன். அந்த வழியாகப் போகும்போது நிறுத்தி வாங்கிக்கொள்ளுங்கள். ஓர் இளநீருக்கும் பணம் கொடுத்திருக்கிறேன்.

நன்றியுடன்,
ஒரு கணித ஆசிரியை, மேலூர்