மாரிக்குள் ஓவியக் காட்சி வேண்டாம்

ஆசிரியர் அவர்கட்கு,

கொழும்பில் 2019 டிசம்பரில் தொடங்கிய நவீன மற்றும் சமகாலக் கலை அருங்காட்சியகம் வைப்பதைப் போன்ற காட்சிகள் மட்டக்களப்புக்கும் வரவேண்டும் என்று கேட்பது நியாயம்தான். கட்புலக் கலை படிக்கும் பிள்ளைகள் கல்லடியிலேயே இருக்கிறார்கள். ஆனால் மண்டபம் கிடைக்கிறதென்று மார்கழியில் நாள் குறிப்பதுதான் பிழை.

ஈரப்பதன் 65 சதவீதத்துக்கு மேல் நாட்கணக்கில் நின்றால் கடதாசியில் பூஞ்சணம் பிடிக்கும். இங்கே மாரியில் அது 80ஐத் தாண்டுவது வழக்கம். ஏசி போட்டால் சரிதானே என்பார்கள். பகலில் போட்டு, மாலை பூட்டும்போது நிற்பாட்டுவதுதான் இன்னும் கேடு: குளிர்ந்த கண்ணாடியில் ஈரக் காற்று பட்டு நீர் முத்துமுத்தாய் நிற்கும். படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் நீர்வண்ணம் அதிலேயே பிடித்துக்கொள்ளும், பிறகு உரித்தெடுக்க முடியாது. ஆகவே படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையில், படத்தின் ஓரத்தைச் சுற்றி அமிலமற்ற மட்டை வையுங்கள். சட்டத்தின் பின்பக்கக் கீழ் மூலைகள் இரண்டிலும் தக்கைத் துண்டு ஒட்டினால் சுவர் ஈரம் ஏறாது, காற்றும் போய்வரும். கடற்கரைப் பக்கம் இரும்புக் கொக்கி உப்பில் கறள் பிடித்து அறுந்து விழும், பித்தளையே நல்லது.

கச்சான் என்னும் வறண்ட காற்று அடிக்கும் வைகாசி, ஆனி மாதங்கள்தான் தோதான காலம். காட்சி ஆடிக்கும் நீண்டால், ஆடி அமாவாசையை ஒட்டி ஊரே மாமாங்கம் கோயில் திருவிழாவில் நிற்கும், அந்தக் கிழமையை விட்டுவிடுங்கள். வெயில் காலத்தில் யன்னல் வெளிச்சம் வேறு பிரச்சினை. நீர்வண்ணத்துக்கு 50 லக்ஸ் போதும், யன்னலுக்கு எதிர்ச் சுவரில் மாட்டாதீர்கள்.

அடுத்தது விளக்க அட்டை. ஆங்கிலத்தில் எழுதி முடித்துவிட்டு, கடைசி இரவில் தமிழாக்கம் கேட்பதை நிறுத்த வேண்டும். ‘கலப்பு ஊடகம்’ என்று போட்டால் யாருக்கு என்ன விளங்கும்? ‘பழைய சேலைத் துணி, தேயிலைச் சாயம், நூல்’ என்று எழுதினால், தைக்கத் தெரிந்த அம்மா ஒருவர் நின்று பார்ப்பார். எழுத்து 24 புள்ளிக்குக் குறைந்தால் மூக்குக்கண்ணாடிக்காரர் பாவம். அம்பாறைக்குக் கொண்டுபோவதானால் சிங்களமும் அதே அளவில் வேண்டும்.

பாடசாலைப் பிள்ளைகள் 40 பேரை வரிசையாக நடத்தி, இருபது நிமிடத்தில் பஸ் ஏற்றிவிடுவதைச் சமூக நிகழ்ச்சி என்று சொல்ல முடியாது. விளக்கம் சொல்பவர் ஒருவருக்குப் 15 பிள்ளைகள், மூன்றே படைப்புகள், முக்கால் மணித்தியாலம். முதல் கேள்வி ‘என்ன தெரிகிறது?’ என்பதாக இருக்கட்டும். ‘என்ன கருத்து?’ என்று தொடங்கினால் பிள்ளைகள் ஆசிரியரின் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அவர்களுக்கான படங்களை நடுப்பகுதி தரையிலிருந்து 120 சென்ரிமீற்றரில் வரும்படி மாட்டலாம். பெரியவர்களுக்கு 150. காத்தான்குடி, கல்முனை முஸ்லிம் பாடசாலைகளை ஜும்ஆத் தொழுகை நாளான வெள்ளிக்கிழமை அழைக்க வேண்டாம்.

வெளியூரிலிருந்து வரும் பெட்டிகளை வந்த உடனே திறக்கவும் கூடாது. 24 மணித்தியாலம் மண்டபத்துக்குள்ளேயே, தரையில் படாமல் பலகை மேல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
காட்சி அமைப்பாளர் சிலர்,
கல்லடி, மட்டக்களப்பு