ஜிபோவிலிருந்து அப்பா

ஜிபோ, புர்க்கினா ஃபாசோ, நவம்பர் 2022

அன்பு மகனே,

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் நலம். இங்கே போன் வேலை செய்வதில்லை. விமானத்தில் தலைநகர் வாகாடூகு போகிற நர்ஸ் தம்பியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அவன் எல்லை தாண்டி ஐவரி கோஸ்ட்டுக்கு, அபிஜானுக்குப் போகும் லாரிக்காரர் யாரிடமாவது சேர்ப்பான்.

நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? கோக்கோ தோட்ட வேலை முதுகை ஒடிக்கும் என்பார்கள். வயிற்றைக் காயப்போடாதே.

பிப்ரவரியில் சாலையை மறித்த காட்டு ஜிஹாதிகள் இன்னும் விடவில்லை. செப்டம்பர் 26 அன்று ராணுவக் காவலோடு நமக்குச் சாமான் கொண்டுவந்த லாரிகளை காஸ்கிண்டேயில் கொளுத்திவிட்டார்கள். 27 சிப்பாய்கள் செத்தார்கள். நாலே நாளில் தலைநகரில் ஆட்சி கவிழ்ந்தது, புர்க்கினாவில் இந்த வருஷத்திலேயே இரண்டாவது தடவை. கம்பு மட்டும் வந்து சேரவில்லை. உன் அம்மா தகரை இலையை அவித்து, கசப்பு போகப் பிழிந்து, உருட்டி வைக்கிறாள். உப்பு இருந்தால் உப்பு. முதல் நாள் உன் தங்கை துப்பினாள். இப்போது சட்டியை வழித்து நக்குகிறாள். இலை பறிக்க ஊர் எல்லையைத் தாண்டிப் போகவேண்டும். பெண்கள் திரும்பி வரும்வரை நான் வாசலை விட்டு நகர்வதில்லை.

நம் மாட்டுச் சந்தையில் முளைக்குச்சிகள் மட்டும் நிற்கின்றன.

ஆகஸ்டில் உன் அத்தை மகன் ஆள் மூலம் சொல்லி அனுப்பினான். அபிஜானில் உன்னை அவன் பார்க்கவே இல்லையாம், தோட்டத்திலும் விசாரித்தானாம். பெரிய ஊர், கண்ணில் படாமல் இருந்திருப்பாய். சாப்பாட்டை மட்டும் விட்டுவிடாதே.

கிணற்றடி வீட்டுப் பையன்கள் இரண்டு பேரும் அவர்களோடு சேர்ந்து காட்டுக்குப் போய்விட்டார்கள். பையன்களின் அம்மா யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. என் மகன் உழைத்துத் தின்கிறான் என்று நான் மசூதியில் எல்லோரிடமும் சொல்கிறேன். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தால் தூக்கம் வருவதில்லை. ஏழு மாதமாக ஒரு வார்த்தை அனுப்ப உனக்கு மனசு வரவில்லையே. உன் அம்மா என்ன பாவம் செய்தாள்?

பின்னால் காட்டுக்குப் போய் ஆயுதம் எடுத்த போதகர் மாலம் டிக்கோ ரேடியோவில் பேசிய காலம் நினைவிருக்கிறதா? கல்யாணச் செலவு வேண்டாம், குலத்தில் உயர்வு தாழ்வு வேண்டாம் என்றார். நியாயம்தானே என்று நானும் தலையாட்டினேன். நீ பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். 2020இல் நம் பெரிய இமாமைக் கடத்திக் கொன்றார்கள். அந்த வாரம் நீ அழுததை நான் பார்த்தேன். அதை நீ மறந்திருக்கமாட்டாய்.

சரி, சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அன்று சந்தையில் சீருடைக்காரர்கள் உன்னை மண்டியிடவைத்து, தொப்பியைப் பிடுங்கி, கன்னத்தில் அறைந்தார்கள். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். நான் பத்தடி தள்ளித்தான் நின்றேன். இவன் என் பிள்ளை என்று ஒரு சொல் சொல்லவில்லை. குனிந்து ஆட்டுக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கயிற்றில் முடிச்சே இல்லை. வீட்டில் அதைப் பற்றி நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை. மறுவாரம் அபிஜான் போகிறேன் என்றாய். பயந்தவன் நான்தான், மகனே. அந்தக் கோபத்தை என் மேல் காட்டு, வேறு எங்கும் கொண்டுபோகாதே.

நர்ஸ் தம்பி மாதம் ஒருமுறை வந்துபோகிறான். ஒரு வரி எழுது. எந்த ஊர் என்று போடவேண்டாம். உன் கையெழுத்து இருந்தால் போதும், அம்மாவிடம் காட்டுவேன்.

உன் அப்பா