பின்கட்டில் இருந்தவருக்குத் தெரியவில்லை

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். இது தேர்வு, கட்டணம் பற்றிய கடிதம் இல்லை. திடீரென்று இதயம் நின்றுவிட்டவருக்குச் செய்யவேண்டிய முதலுதவி பற்றியது. நிதானமாகப் படியுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் வாசித்தும் காட்டுங்கள்.

சென்ற ஆவணியில் காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு மணிவிழாவுக்குப் போயிருந்தேன். முகப்புத் திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் திடீரென்று சாய்ந்தார். கை கால் லேசாக வெட்டியது. வலிப்பு என்று நினைத்து ஒருவர் சாவிக்கொத்தை அவர் கையில் திணித்தார். இன்னொருவர் சோடாவுக்கு ஓடினார். தொண்டையில் கொர்கொர்ரென்று இழுப்பு வந்ததும், "மூச்சு இருக்கு, பயப்படாதீங்க" என்று சொன்னது நான்தான். அது மூச்சு இல்லை. இதயம் நின்ற பிறகும் சில நிமிடங்கள் அப்படி இழுக்கும் என்பது அன்று எனக்குத் தெரியாது. 108-ஐ அழைத்தேன். பதற்றத்தில், கார் நிறுத்தியிருந்த பின்வாசல் தெருவின் பெயரைச் சொல்லிவிட்டேன்.

அந்த வீட்டிலேயே சிபிஆர், அதாவது இதயம் நின்றவரின் நெஞ்சை அழுத்தும் முதலுதவி, பழகிய ஒரு பெண் இருந்தார். சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர், விழாவுக்காக வந்தவர். வீட்டின் பின்பக்கம், மூன்றாவது கட்டில் பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார். நாகஸ்வரச் சத்தத்தில் முகப்பில் நடந்தது அவருக்குக் கேட்கவில்லை. யாரோ போய்ச் சொல்லி அவர் ஓடி வந்து நெஞ்சை அழுத்தத் தொடங்குவதற்குள் ஐந்தாறு நிமிடம் போய்விட்டது. பெரியவர் பிழைக்கவில்லை.

முதலுதவி இல்லாமல் கழியும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. சிபிஆர் தெரிந்தவர் நாற்பது தப்படியில் இருந்தார். அவருக்குச் சொல்ல ஆள் இல்லை. என்னால் இதை மறக்க முடியவில்லை.

அன்று மாலை அந்தப் பெண் தன் போனில் ஒரு செயலியைக் காட்டினார். 'மைரெஸ்பாண்டர்' என்று பெயர். சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படை 2015-இல் கொண்டுவந்தது. யாருக்காவது இதயம் நின்றுவிட்டதாக அவசர அழைப்பு வந்தால், 400 மீட்டருக்குள் இருக்கும் தன்னார்வலர்களின் போன் ஒலிக்கும். பக்கத்தில் மின்னதிர்ச்சி கொடுக்கும் ஏ.இ.டி. கருவி எங்கே இருக்கிறது என்றும் காட்டும். சுவீடனின் ஸ்டாக்ஹோமில் இதே முறையைச் சோதித்து 2015-இல் ஆய்வு முடிவை வெளியிட்டார்கள். போன் வழியே ஆளை அனுப்பியபோது 62 சதவீதம் பேருக்கு ஆம்புலன்ஸ் வருமுன் சிபிஆர் கிடைத்தது. அனுப்பாதபோது 48 சதவீதம். ஆனால் உயிர் பிழைத்தவர்கள் எண்ணிக்கையில் உறுதியான வேறுபாட்டை அந்த ஆய்வு காட்டவில்லை. இதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். செயலி ஆளைக் கூப்பிடும், அவ்வளவுதான். வருகிறவர் கைக்குப் பழக்கம் வேண்டும்.

ஆகவே வரும் சனிக்கிழமை காலை 10 மணிக்கு நம் பள்ளியின் கூடத்தில் 9 முதல் 12-ஆம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கும், வர முடிந்த பெற்றோருக்கும் செவிலியர் ஒருவர் பயிற்சிப் பொம்மை வைத்து சிபிஆர் சொல்லித் தருகிறார். சின்னப் பிள்ளைகளுக்கு இது எதற்கு என்று ஒரு தாயார் கேட்டார். 12 வயது முதல் ஆண்டுக்கு இரண்டு மணி நேரம் பள்ளியில் கற்றுத்தரும் திட்டத்தை உலக சுகாதார நிறுவனமே 2015-இல் ஆதரித்திருக்கிறது. நம் ஊர்களில் அப்பத்தாவுக்கும் ஐயாவுக்கும் துணை பெரும்பாலும் பேரப்பிள்ளைகள்தானே?

அதுவரை இதை மட்டும் மனத்தில் வையுங்கள். தட்டிக் கூப்பிட்டும் அசைவில்லை, மூச்சு சரியாக இல்லை என்றால் உடனே 108. போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு ஆளைக் கட்டிலிலிருந்தோ ஊஞ்சலிலிருந்தோ தரையில் இறக்குங்கள். மெத்தையில் வைத்து அழுத்தினால் மெத்தைதான் அமுங்கும். நம் ஆத்தங்குடிக் கல் பாவிய தரைதான் இதற்குச் சரி. நெஞ்சின் நடுவில் ஒரு கை, அதன் மேல் இன்னொரு கை, முழங்கை மடங்காமல், பெரியவர்களுக்கு 5 செ.மீ. ஆழத்துக்குக் குறையாமல், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் நெஞ்சு முழுதாக எழும்ப விடுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதீர்கள். கை சோர்ந்தால் ஆள் மாறுங்கள்.

நம் வட்டார வீடுகளுக்கு முன்வாசல் ஒரு தெரு, பின்வாசல் மறு தெரு. போன் மேப்பில் புள்ளி எந்தத் தெருவில் விழும் என்று சொல்ல முடியாது. எனவே வீட்டு விலாசம், முன்வாசல் தெரு, எந்த ஊருணிக்கு எந்தப் பக்கம் என்பதை ஒரு சீட்டில் எழுதி எல்லாரும் பார்க்கும் இடத்தில் ஒட்டுங்கள். பிள்ளைகளை அதைப் பார்க்காமல் சொல்லச் சொல்லுங்கள்.

பயிற்சி முடித்த பெரியவர்களைக் கொண்டு தெருவுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு அமைக்கலாம் என்றிருக்கிறேன். மாணவர்களைச் சேர்க்க மாட்டோம். முதல் அழைப்பு எப்போதும் 108-க்குத்தான். குழுவுக்குத் தகவல் சொல்வதை இன்னொருவர் பார்த்துக்கொள்ளட்டும். விருப்பமுள்ளவர்கள் எண்ணையும் தெருவையும் இணைத்துள்ள ஒப்புதல் சீட்டில் எழுதி வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள்.

சனிக்கிழமை மண்டியிட்டுப் பழக வேண்டியிருப்பதால் பிள்ளைகள் விளையாட்டுச் சீருடையில் வரட்டும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்