குழாயடியில் முகத்தைப் பார்

பாண்டி,
ஞாயிறு மாலை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அக்காவுக்கு முட்டிவலி தேவலை என்று எழுதியிருந்தாய், நிம்மதி. அவள் பேரனைப் பற்றி நீ கேட்டதற்குப் போனில் பதில் சொன்னால் பாதி காதில் விழாது. அதனால் எழுதுகிறேன்.

சின்ன வயதிலேயே ஆட்டிசம் என்று உறுதியான பிள்ளை. இப்போது 11 வயதில் திடீரென்று கை கழுவுவது கூடியிருக்கிறது. "அதுவும் ஆட்டிசம்தான்" என்பவர்களும் "இது ஓசிடி" என்பவர்களும் சண்டை போடுகிறார்கள் என்கிறாய். ஓசிடி என்றால், வேண்டாத எண்ணமோ பயமோ உறுத்தலோ திரும்பத் திரும்ப வந்து, அதை அடக்க ஒரே செயலை விடாமல் செய்யவைக்கும் மனநலக் கோளாறு. இரண்டும் ஒரே பிள்ளையிடம் இருக்கலாம், அது அபூர்வமும் இல்லை.

எத்தனை தடவை கழுவுகிறான் என்று எண்ணுவதைவிடக் குழாயடியில் அவன் முகத்தைப் பார். தண்ணீர் விரலிடுக்கில் வழிவதைக் கண் கொட்டாமல் பார்த்து, லேசாகச் சிரித்து, குழாயை மூடினால் கத்துகிறானா? அது ஆட்டிசப் பக்கம். சோப்புப் போட்டுக்கொண்டிருக்கும்போது முழங்கை வாளியில் பட்டுவிட்டால் முதலிலிருந்து தொடங்குகிறானா? தோல் வெடித்து எரிந்தும் நிறுத்த முடியாமல், "சுத்தமாயிடுச்சாம்மா?" என்று நாலு தடவை கேட்டு, ஐந்து நிமிஷத்தில் மறுபடி குழாய்க்கு வருகிறானா? அது ஓசிடி. முதலாவதில் அவனுக்கு அது பிடித்திருக்கிறது. இரண்டாவதில் பிடிக்கவில்லை, ஆனால் விட முடியவில்லை.

கடலூரில் மஞ்சக்குப்பத்திலிருந்து திருப்பாப்புலியூருக்குத் தினமும் ஒரே வழியில்தான் போகவேண்டும் என்று அடம்பிடிப்பது வேறு. மாற்றம் வேண்டாம் என்கிற இந்தப் பிடிவாதத்தை 1943ல், ஆட்டிசத்தை விவரித்து எழுதிய குழந்தை மனநல மருத்துவர் லியோ கானர், தான் பார்த்த 11 குழந்தைகளிடமே குறித்துவைத்தார். பாடலீசுவரர் கோயில் தேர் நாளில் வழி மாறும் என்று முந்தின ராத்திரியே படம் வரைந்து காட்டினால், பெரும்பாலும் முணுமுணுத்துக்கொண்டாவது வந்துவிடுவான். ஓசிடி பயத்துக்கு முன்கூட்டிச் சொல்வது மருந்தாகாது. பயப்பட இன்னும் ஒரு ராத்திரி கிடைக்கும், அவ்வளவுதான்.

"ஏன் கழுவுறே?" என்று கேட்டுப் பயனில்லை. மனசுக்குள் நடப்பதைச் சொல்லாக்குவது பல ஆட்டிசப் பிள்ளைகளுக்குக் கஷ்டம். "கிருமி பயமா?" என்று கேட்டால் ஆமாம் என்று சொல்லிவைப்பான், அதை நம்பாதே. ஒரு பையன் படம் போட்டு, தலைக்கு மேலே வட்டம் போட்டு, "கழுவலைன்னா இங்கே என்ன வரும்?" என்று கேள். காலியாகவே விட்டாலும் ஓசிடி இல்லை என்று முடிவு கட்டாதே. 'சரியா வரலை' என்ற உறுத்தல் மட்டுமே இருக்கும் வகையும் உண்டு.

14 நாள் ஒரு நோட்டில் எழுதச் சொல்: முன்னால் என்ன நடந்தது, எவ்வளவு நேரம், நிறுத்தியபோது அழுகையா கோபமா பயமா, முடிந்தபின் அமைதி எத்தனை நிமிஷம் தங்கியது, வீட்டார் எத்தனை தடவை "சுத்தம்தான்" என்று பதில் சொன்னார்கள். நாளுக்கு 1 மணி நேரத்துக்கு மேல் போனாலோ, பள்ளியும் தூக்கமும் கெட்டாலோ கவனிக்கவேண்டிய அளவு. வகுப்பு மாறியதா, டீச்சர் மாறினாரா என்பதையும் எழுது. பதற்றமான மாதங்களில் பழைய வழக்கங்களே இறுகும். ஒரே ராத்திரியில் ஆளே மாறியதுபோல் தொடங்கியிருந்தால் நோட்டுக்காகக் காத்திருக்காமல் குழந்தை மருத்துவரிடம் போகச் சொல்.

பெயர் மாறினால் வைத்தியம் மாறுகிறது. ஓசிடிக்கு, பயத்தைச் சின்னச் சின்னப் படியாக எதிர்கொண்டு கழுவாமல் பொறுத்திருக்கும் பயிற்சிதான் முதல். வாளி விளிம்பைத் தொட்டு 2 நிமிஷம், பிறகு 5. இந்தப் பிள்ளைகளுக்கு அதைப் படமாக, 0 முதல் 10 வரை பய அளவுகோலோடு காட்டவேண்டும். அம்மா பதில் சொல்வதையும் படிப்படியாகத்தான் குறைக்கவேண்டும். இதே பயிற்சியைச் சந்தோஷமான வழக்கத்தின் மேல் திணித்தால் பிள்ளையின் ஆறுதல் போகும், வேறொன்றும் ஆகாது. மருந்தும் அப்படித்தான். ஓசிடிக்குக் கொடுக்கும் வகையைச் சேர்ந்த சிட்டலோப்ராமை 149 ஆட்டிசக் குழந்தைகளிடம் சோதித்தார்கள். 2009ல் வந்த முடிவில், திரும்பத் திரும்பச் செய்வதைக் குறைப்பதில் வெற்று மாத்திரையைவிட அது மேலாக இல்லை. உண்மையான ஓசிடிக்கு இந்த வகை மருந்துகள் உதவும், ஆனால் 8 முதல் 12 வாரம் பொறுக்கவேண்டும். இரண்டாம் வாரத்திலேயே "வேலை செய்யலை" என்று அக்கா நிறுத்திவிடப்போகிறாள், சொல்லிவை.

ஜிப்மர் மனநலப் பிரிவுக்கு வரும்போது அந்த நோட்டையும் போனில் எடுத்த வீடியோ இரண்டையும் கொண்டுவாருங்கள். டாக்டர் முன்னால் பிள்ளை கையையே கழுவமாட்டான். முதல் மூன்று நாள் பக்கத்தை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு, கட்டம் சரியாக நிரப்பியிருக்கிறார்களா என்று பார்த்துச் சொல்கிறேன்.

உன்,
பழைய பெஞ்சுக்காரன்